கொல்லி காவலன்: குலசேகரப் பெருமாளின் திருமுத்திரையில் ஒரு மலையும் இரு நகரங்களும்

பெருமாள் திருமொழியின் முதல் மூன்று திருமொழிகளும் திருவரங்கத்தைப் பற்றியவை. அவற்றுள் இரண்டாவது, அரங்கனைக் காட்டிலும் அரங்கனடியார் பெருமையைப் பேசுவது. அதன் நிகமனப் பாசுரத்தில் ஸ்ரீகுலசேகரப் பெருமாள் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்றும், கூடலுக்கு நாயகன் என்றும், கோழிக்குக் கோன் என்றும் அறிவித்துக்கொள்கிறார். கூடல் மதுரை, கோழி உறையூர். இவ்விரண்டில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. கொல்லி எது என்று கேட்டால்மட்டும் கோஷ்டியில் இரண்டு விடைகள் வருகின்றன. மலைநாட்டுக் கொல்லம் என்பார் ஒரு சாரார். கொங்குநாட்டுக் கொல்லிமலை என்பார் மற்றொரு சாரார்.

அடியேன் முதல் விடையைத் தகப்பனாரிடம் சந்தை சொன்ன சிறு பிராயத்தில் கேட்டு, பின்பு என்னிடம் திவ்யப்ரபந்தம் சொல்லிக்கொண்ட பிள்ளைகளுக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதையே சொல்லிவந்தவன். ஆழ்வார் திருவவதரித்தது சேரநாட்டுத் திருவஞ்சிக்களத்தில். ஆகவே கொல்லியும் அந்தக் கடற்கரையில்தான் இருக்கவேண்டும் என்று கொள்வது எளிதாக இருந்தது. ஓசையும் ஒத்துவந்தது. எளிதாக இருந்ததே தவிரச் சரியாக இருக்கவில்லை என்று இப்போது கருதுகிறேன். சொல்லிக்கொடுத்த வாயாலேயே அதைத் திருத்திச் சொல்வதும் முறையாகும் என்பதால் இதனை எழுதலானேன்.

நூற்றைந்து பாசுரங்கள் கொண்ட இப்பிரபந்தத்தில் கொல்லி என்னும் பெயர் மூன்று நிகமனங்களில் வருகிறது. மேற்சொன்ன இரண்டாம் திருமொழியில் ஒருமுறை. ஆய்ச்சியர் கண்ணனோடு ஊடிப் பேசும் ஆறாம் திருமொழியில் ஒருமுறை. தேவகி புலம்பும் ஏழாம் திருமொழியில் ஒருமுறை. மூன்று பாசுரங்களிலும் அடிதோறும் இரண்டாம் எழுத்து லகர ஒற்றாக நிற்பதால், எதுகை நோக்கி வந்த சொல் இது என்று சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. எதுகை நோக்கி வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘கொல்லம்’ என்ற சொல்லும் அதே எதுகையைத் தரும். அசையும் மாறாது: கொல்லி என்பதும் நேர்நேர், கொல்லங் என்பதும் நேர்நேர். கொல்லத்தைச் சொல்ல ஆழ்வார் திருவுள்ளம் பற்றியிருந்தால் யாப்பு அவரைத் தடுத்திராது. தடை ஒன்றும் இல்லாத இடத்தில் மூன்று முறையும் கொல்லி என்றே அருளிச்செய்திருக்கிறார். எதுகைக்காக மட்டும் ஆழ்வார் ஒரு சொல்லை இட்டார் என்று சொல்லிக் கடந்துபோவது நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியும் அன்று. ஒவ்வொரு பதத்துக்கும் ப்ரயோஜனம் தேடியவர்கள் அவர்கள்.

அக்காலத்தில் கொல்லத்துக்கு வழங்கிய பெயரையும் நாம் அறிவோம். சேரன் ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 849இல், தரிசாப்பள்ளிக்குக் கொடுக்கப்பட்ட செப்பேடு அவ்வூரைக் குரக்கேணிக் கொல்லம் என்கிறது. 825இல் தொடங்கும் ஆண்டுக் கணக்கும் கொல்லம் பெயரால்தான் வழங்குகிறது. இக்கால ஆராய்ச்சியாளர் பலர் நம் ஆழ்வாரை ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கின்றனர். அந்த ஸ்தாணு ரவியே ஆழ்வார் என்பாரும் உளர். குருபரம்பரை சொல்லும் காலக்கணக்கு வேறு என்பது வாசகர் அறிந்ததே. இவ்விரண்டையும் இங்கே மோதவிட வேண்டுவதில்லை. எந்தக் கணக்கைக் கொண்டாலும் சரி, கொல்லம் என்னும் துறைமுகம் கொல்லி என்று வழங்கியதைக் காட்டினாலன்றி அந்தப் பொருள் நிற்காது. கொல்லி என்ற பெயரோ தமிழில் மிகப் பழையது. வழங்கிய இடந்தோறும் அது மலையின் பெயர்.

சங்கச் செய்யுட்களைக் கற்றவர்க்குக் கொல்லி என்றதும் முதலில் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. அவனிடமிருந்து மலை எப்படிக் கைம்மாறியது என்பதைக் கல்லாடனார் அகநானூற்று 209ஆம் பாட்டில் சொல்லியிருக்கிறார். முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, பலா மிகுந்த கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான். காரியின் ஊர் திருக்கோவலூர். முதலாழ்வார்கள் மூவரும் இடைகழியில் நெருக்குண்டு நின்ற அதே ஊர்தான். கோவலூரான் வென்று கொடுத்த மலையின் பெயரைப் பின்னொரு காலத்தில் ஓர் ஆழ்வார் தம் திருமுத்திரையில் வைத்தார் என்பது, வரலாறு தற்செயலாகச் செய்ததேயாயினும், அடியேனுக்கு இனிக்கிறது.

மலையைப் பெற்ற சேரர்குடி இரும்பொறைக் குடி. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து, அரிசில்கிழார் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. அவன் தகடூரை எறிந்தவன். அதியமானையும் அவனோடு கூடிய இரு பெருவேந்தரையும் அவன் வென்ற களம் கொல்லிக் கூற்றத்தில் இருந்தது என்று அதன் பதிகம் கூறுகிறது. அப்பத்தினுள்ளேயே அவனைக் கொல்லிக்கு உரியவனாக விளிக்கும் இடமும் உண்டு. இதே குடியைச் சேர்ந்த மூன்று தலைமுறையினரின் பெயர்களைக் கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் தமிழ் பிராமி எழுத்தில் இன்றும் படிக்கலாம். ஆகவே கொல்லிக்கு உரியவன் என்பது சேரவேந்தரின் பழம்பெயர்களுள் ஒன்று. நம் ஆழ்வார் புதிதாக ஒரு விருது புனைந்துகொள்ளவில்லை. தம் குடியில் வழங்கிய விருதையே எடுத்து மொழிந்தார். இதற்குப் பின்னும் கொல்லத்தைத் தேடிக் கடற்கரைக்குப் போவானேன்?

இன்னொரு சான்று பிரபந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுத்துவரும் மூன்றாம் திருமொழியின் நிகமனத்தில் ஆழ்வார் தம்மைக் கொங்கர்கோன் என்கிறார். இரண்டாவதன் முடிவில் கொல்லி, மூன்றாவதன் முடிவில் கொங்கு. கொல்லி இருப்பது கொங்குநாட்டில். ஒன்றுக்கொன்று உரையாக நிற்கும் இவ்விரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்திருந்தால் நாற்பது ஆண்டுக்காலத் தவறு எனக்கு நேர்ந்திராது. தினமும் அனுஸந்திக்கிற பாசுரங்களில்தான் கண் மிக எளிதாக வழுக்கிவிடுகிறது.

சேரருக்குக் கொங்கில் என்ன வேலை என்று கேட்போருக்குப் பாண்டியன் செப்பேடு ஒன்று விடை தருகிறது. நெடுஞ்சடையன் தன் 17ஆம் ஆட்சியாண்டில் அளித்த ஸ்ரீவரமங்கலச் செப்பேடு, அவன் அதியனோடு ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்னுமிடங்களில் பொருததைச் சொல்கிறது. அப்போது அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் கேரளனும் வந்தார்கள். எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய செய்தி இது. கொங்கில் பாண்டியன் காலூன்றினால் சேரனுக்கு வாசற்கதவே பறிபோனதாகும். ஆகையால் அவன் வந்தான். அந்தப் பாண்டியனும் பரமவைஷ்ணவன் என்று சொல்லிக்கொண்டவன். கொங்குநாட்டுக் காஞ்சிவாய்ப்பேரூரில் திருமாலுக்கு ஒரு பெருங்கோயில் எடுத்ததாக அச்செப்பேடே கூறுகிறது. போரிட்ட இருதரப்பிலும் திருமாலடியார் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுவதில்லை. கொல்லியின் அடிவாரத்தில் அது கல்லிலேயே இருக்கிறது.

அடிவாரத்து ஊர் நாமக்கல். ஊரின் நடுவே ஒற்றைப் பாறையாக நிற்பது நாமகிரி. உச்சியில் பிற்காலத்துக் கோட்டை மதில். நாமக்கல்லுக்கு வருவோர் பெரும்பாலும் மதிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, திறந்தவெளியில் பதினெட்டடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரைச் சேவித்துத் திரும்பிவிடுகிறார்கள். பாறையின் மேற்புறம் குடைவரையில் ஸ்ரீநரஸிம்ஹர். கீழ்ப்புறம் குடைவரையில் அரவணைமேல் கிடந்த திருக்கோலத்தில் ஸ்ரீரங்கநாதர். குடைவித்தவர்கள் அதியர். அங்குள்ள பழைய கிரந்தக் கல்வெட்டு குணசீலன் என்னும் அரசனையும், அதியேந்த்ர விஷ்ணுக்ருஹம் என்னும் கோயில்பெயரையும் தருகிறது. எழுத்தமைதி கொண்டு எட்டாம் நூற்றாண்டினது என்பர். கொல்லிக் கூற்றத்தில் சேரனிடம் தோற்ற அதியமானின் வழிவந்தவர்கள், அந்த மலை கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே, சில நூற்றாண்டுகளுக்குப் பின் அரங்கனைக் கல்லில் கிடத்தியிருக்கிறார்கள். மேற்புறக் குடைவரையில் இரணியனை வதைக்கும் திருக்கோலமும், உலகளந்த கோலமும், வராஹமும், வைகுண்டநாதன் வீற்றிருப்பும் சுவர்முழுதும் புடைப்பாக நிற்கின்றன. ஒரு விரற்கடை ஆழத்தில் இத்தனை வேகத்தைக் காட்டிய கை யாருடையதோ! இது ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த தலம் அன்று. ஆயினும் ஆழ்வார்கள் காலத்தை ஒட்டிக் கொங்கில் ஸ்ரீவைஷ்ணவம் எவ்வாறு வேரூன்றியிருந்தது என்று கேட்பவனுக்கு இதைவிடத் தெளிவான ஏடு கிடையாது.

மலைமீது ஏறுவோர்க்குக் காட்சி வேறு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் செம்மேட்டை அடைந்தால் அங்கே ஓரி வில்லோடு சிலையாக நிற்கிறான். சிற்றூர்கள் இன்றும் நாடுகளாகத் தொகுக்கப்பட்டே வழங்குகின்றன: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். அது தேவார வைப்புத்தலம். பக்கத்திலே ஐயாறு ஆகாயகங்கையாக வீழ்கிறது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையை அவ்வூரார் எட்டுக்கை அம்மனாகக் கண்டு வழிபடுகிறார்கள். பலா இன்றும் கல்லாடனார் சொன்னபடியே காய்க்கிறது. மலைவாணரின் குலப்பெயர் மலையாளி. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது; தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுச்செய்தி. கீழே சமவெளியில் அவர்களைக் கேரளத்தார் என்று மயங்குவாரும் உண்டு. பெயரொலி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மலையைக் கடற்கரைக்குக் கொண்டுபோன எங்களைப் போன்றவர்கள் அந்த மயக்கத்தைப் பார்த்துச் சிரிக்க உரிமையற்றவர்கள்.

இனி, ஆறாம் திருமொழியில் கொல்லி ‘நகர்’ என்றே வருகிறதே, மலையை நகர் எனலாமோ என்னும் ஆக்ஷேபம். கொல்லம் என்போருக்கு இதுவே கடைசி அரண். நகர் என்ற சொல் பழந்தமிழில் ஊரை மட்டும் குறிப்பதன்று. மனை, அரண்மனை, கோயில் இவற்றுக்கும் அது பெயர். கொல்லிக்கு உரியவனின் அரண்மனை இருந்த ஊர் கொல்லிநகர் எனப்படத் தடையில்லை. அது கொங்குச் சேரரின் பழைய இருப்பிடமாகிய கருவூரையே சுட்டும் என்பது என் துணிபு. புகழூர்க் கல்வெட்டும், பாண்டியன் பொருத புகழியூரும் கருவூரை அடுத்தே இருத்தல் காண்க. வேறு ஊரைச் சொல்வார் சொல்லட்டும். மலையைச் சுற்றிய நாட்டுக்குள் அது இருக்கவேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது. திருவஞ்சிக்களத்தில் திருவவதாரம் என்னும் ஐதிஹ்யத்தை இது சிறிதும் அசைப்பதில்லை. பிறந்த ஊர் ஒன்று, காவல் செய்த மலை ஒன்று. அரசகுலத்தில் பிறந்தவர்க்கு அது இயல்பு.

மலையிலிருந்து இனி மதிலுக்கு வருவோம். ஐயாறு ஆகாயகங்கையிலிருந்து இறங்கிப் புளியஞ்சோலை வழியே ஓடி, திருவரங்கத்துக்கு மேற்கே காவிரியில் கலக்கிறது. கொல்லியில் பெய்த மழை சில நாளில் அரங்கனின் இரு பக்கமும் ஓடும். ஆழ்வார் தாம் போகத் துடித்த இடத்துக்குத் தம் மலையின் நீர் தமக்கு முன்னே போய்ச் சேர்வதை அறியாதவராக இருந்திருக்க மாட்டார். திருவரங்க யாத்திரை என்று நாள்தோறும் பறையறைவித்து, நாள்தோறும் அமைச்சர்களால் தடுக்கப்பட்டவர் என்று குருபரம்பரை அவரைச் சொல்கிறது.

ஏழு மதில் சூழ்ந்த அந்த ஊரில் அவருடைய பெயர் பலவிடத்தில் பதிந்திருக்கிறது. தர்மவர்மா, ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திரிவிக்கிரமன், கலியுகராமன் என்று உள்ளிருந்து வெளியே கோயிலொழுகு எண்ணும் திருச்சுற்றுகளில் மூன்றாவது குலசேகரன் திருவீதி. அங்கே சேனைவென்றான் திருமண்டபம் கட்டியதையும், தம் திருமகள் சேரகுலவல்லியை அரங்கனுக்குக் கன்னிகாதானம் செய்ததையும் ஒழுகு அவர்மேல் ஏற்றிச் சொல்லும். ஸ்ரீராமநவமியன்று நம்பெருமாளுக்குச் சேரகுலவல்லியோடு சேர்த்தி இன்றும் நடக்கிறது. எந்தத் திருமால் கோயிலிலும் கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்றே பெயர். கோழி என்று அவர் சொன்ன உறையூர், இன்று திருச்சிராப்பள்ளி நகரத்தின் ஒரு பகுதியாக, நெசவும் நெரிசலுமாக இருக்கிறது. சோழன் மகளான கமலவல்லி அங்கே வடக்கு நோக்கி, தன் மணாளன் ஊர்ப்பக்கமாகவே முகம் வைத்து எழுந்தருளியிருக்கிறாள். பங்குனித் திருநாளில் நம்பெருமாள் காவிரி கடந்து அங்கு சேர்த்தி கண்டருளித் திரும்புவதும், அதனால் பெரியபிராட்டியாரோடு நேரும் ப்ரணயகலஹமும் நாடறிந்தவை. கூடலின் பங்கு என்று எதைச் சொல்லலாம்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஸ்ரீரங்க விமானத்துக்குப் பொன்வேய்ந்தான். கோயில் பொன்வேய்ந்த பெருமாள் என்ற பெயரும் பெற்றான்.

ஆழ்வார் மூன்று ஊர்களைச் சொன்னார். அவற்றுள் கோழியையும் கூடலையும் சேர்த்து, எம்பெருமான் கோயில்கொண்ட இடங்களாகத் திருமங்கையாழ்வார் திருநாகைத் திருமொழியில் பாடியிருக்கிறார். ஆகவே இரண்டும் திவ்யதேசங்களாயின. உரைகாரர் கண்ணும் யாத்ரிகர் காலும் அங்கே சென்றன. கொல்லிக்கு அந்த பாக்யம் இல்லை. மலைமேல் பாடல்பெற்ற பெருமாள் கோயில் கிடையாது. அடிவாரத்தில் சேந்தமங்கலத்தை அடுத்த நைனாமலையில் வரதராஜப் பெருமாள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானோரைப் படியேற வைக்கிறார். நாமக்கல்லில் அதியர் குடைவித்த அரங்கன் இருக்கிறான். ஆனால் நம் திவ்யதேச யாத்திரைப் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லாமையால், கொல்லி என்ற பெயரைச் சொல்லும் வாய்க்கு மலை நினைவில் வரவில்லை. கொல்லத்தைத் தேடிப் போனதற்கு ஓசை ஒற்றுமையைவிட இதுவே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

பொருள் மாறினால் பாசுரத்தின் ரஸம் மாறுமா என்று கேட்கலாம். மாறுகிறது. கூடலும் கோழியும் பாண்டியனுடைய, சோழனுடைய தலைநகரங்கள். அவற்றுக்கு நாயகன், கோன் என்று சேரன் சொல்லிக்கொள்வது வெற்றியின் விருது. இன்று இருக்கும், நாளை போகும். கொல்லியோ அவர் குடிக்குத் தலைமுறை தலைமுறையாய் வந்த எல்லைமலை. அங்கே அவர் சொன்ன சொல் காவலன். காவலன் என்பது அரசனுக்குப் பொதுப்பெயர்தான். ஆயினும் எல்லையிலுள்ள மலையோடு அது சேரும்போது காத்தல் என்னும் வினை அதில் விழித்துக்கொள்கிறது. அந்தக் காவலையும், அந்த விருதுகளையும் இரண்டாம் திருமொழியின் முடிவில் எண்ணி வைக்கிறார். வைத்த இடம் எது? அரங்கனுடைய அடியார்க்கு அடிமைப்படுவதையே பத்துப் பாட்டாலும் பேசிய திருமொழியின் கடைசி. அடுத்து வருவது உலகத்தாரோடு தமக்கு ஒட்டில்லை என்று பித்தனாய்ப் பேசும் மூன்றாம் திருமொழி. அதன்பின் வரும் நாலாவதில் அரசும் வேண்டா, திருவேங்கடத்தில் குருகாயோ மீனாயோ பிறந்தால் போதும் என்கிறார். கையில் இருப்பதை முதலில் பெயர்சொல்லிக் காட்டினவன் விடும்போதுதான் அது விட்டதாகும். கொல்லி என்பது எங்கோ ஒரு துறைமுகமாக இருந்தால் அது இன்னொரு விருது. முன்னோர் பெற்றுக் காத்த மலையாக இருந்தால், அவர் விட்டவற்றுள் மிகக் கனமானது அதுவே.

இனி என்னிடம் சந்தை சொல்ல வருகிறவர்களுக்குக் ‘கொல்லி என்பது கொங்குநாட்டு மலை, நாமக்கல்லுக்கு வடகிழக்கே உள்ளது’ என்றே பதப்பொருள் சொல்வேன். முன்பு சொல்லிக்கொண்டு போனவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்குத் தபால் அட்டை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.